குழாய்க்காரரின் கீழ்த்தாடை

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: பொம்மைக்குத் தொண்டை கிடையாது. குரல் வருவது கீழே மறைந்து நிற்கும் ஆளிடமிருந்து. வாய் அசைவது மேலே, அவர் கை நுழைந்திருக்கும் துணித் தலையில். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாகப் பார்ப்பவரை நம்பவைப்பதுதான் மொத்த வித்தையும். இது விளங்கிவிட்டால் அன்றைக்கு நடந்ததில் பாதி விளங்கிவிடும். மீதியை வரிசையாகச் சொல்கிறேன். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடச் சர்வீஸில் நான் பராமரித்த லிஃப்ட் எதுவும் நடுவழியில் நின்றதில்லை. எங்கள் பகுதி நாடகக் குழுவை நடத்தும் பாட்டு டீச்சர், பொம்மைகளை வைத்து ஒரு சிரிப்புப் பாட்டு நாடகம் போடப்போவதாகச் சொன்னபோது, பொம்மைகளை நானே செய்துதருகிறேன் என்றேன். கதை எளிது. ஒரு வீட்டில் குழாய் உடைகிறது. குழாய்க்காரர் வருகிறார். உடைப்பை அடைக்காமல், குழாய் எப்படி வேலை செய்கிறது என்று வீட்டுக்காரர்களுக்கு விளக்க ஆரம்பிக்கிறார். தண்ணீர் முழங்காலுக்கு வருகிறது, இடுப்புக்கு வருகிறது, கழுத்துக்கு வருகிறது. அவர் இன்னும் விளக்கி முடிக்கவில்லை. அவ்வளவுதான் நாடகம்.

டீச்சர் படம் வரைந்து கொடுத்திருந்தார். குழாய்க்காரருக்கு மூக்குக்கண்ணாடி கயிற்றில் கழுத்தில் தொங்க வேண்டும், காதில் ஒரு பென்சில் இருக்க வேண்டும். அப்படியே செய்தேன். பென்சில் அளவுக்கு என் காதிலிருந்ததையே எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது வாய்க்கு வருகிறேன். உங்கள் வாயை ஒருமுறை திறந்து பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். அசைந்தது கீழ்த்தாடை மட்டும்தான். மேல்தாடை மண்டையோடு சேர்ந்தது, அது அசையாது. பொம்மையின் தலைக்குள் நான்கு விரல்கள் மேல்தாடை, பெருவிரல் கீழ்த்தாடை. ஆகவே பொம்மை பேசும்போது பெருவிரல் மட்டும் இறங்க வேண்டும். கைக்கு இது பிடிக்காது. நான்கு விரல்களைத் தூக்குவதுதான் அதற்குச் சுலபம். தூக்கினால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொம்மையின் மண்டை பின்னால் சாய்ந்து, கண் கூரையைப் பார்க்கும். குப்பைத்தொட்டி மூடியைத் திறந்து திறந்து மூடுவது போலிருக்கும்.

குழாய்க்காரரை ஆட்டியவன் என் மனைவியின் தம்பி. தொழிலில் பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கைவிட்டுச் சம்பாதிக்கிறவன். அவனுக்கு எந்தத் தாடை அசையும் என்று தெரியவில்லை.

"பெருவிரலை இறக்கு, மாப்ளே."

"சரி அத்தான்."

"மறுபடியும் நாலு விரலைத் தூக்கறே, பாரு."

"பெருவிரல்தானே அத்தான்? புரிஞ்சிடுச்சு. நேத்தும் புரிஞ்சுது, முந்தாநாளும் புரிஞ்சுது."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். அவன் மறுபடியும் நான்கு விரலைத் தூக்குவான்.

எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று ஒத்திகை. ஒவ்வொன்றுக்கும் போனேன். வேலை முடித்து, கையில் கிரீஸ் வாடையோடு, சாப்பிடாமல் போனேன். கண்ணாடி முன்னால் நின்று பழகச் சொன்னேன். வெறும் கையால் செய்து காட்டினேன். எலும்பு, தசை எல்லாம் போட்டு ஒரு படம் வரைந்து கொடுத்தேன். அடுத்த வாரம் அவன் கிளினிக்குக்குப் போனபோது அந்தப் படம் டீ டம்ளருக்கு அடியில் இருந்தது.

ஐந்தாவது வாரம் அவன் குழாய்க்காரருக்கு ஒரு குரல் கண்டுபிடித்தான். நிதானமான குரல், கொஞ்சம் மூக்கால் பேசுவது. எதைச் சொல்வதற்கு முன்னாலும் "முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும்" என்று ஆரம்பிக்கும். குழு மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. டீச்சரும் சிரித்தார். பிறகு நான் கதவருகில் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். தாடை பிசகுவது அவர் கண்ணிலும் பட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

நாடகம் சனிக்கிழமை மாலை ஆறரைக்கு. அரங்கம் நிரம்பியிருந்தது. நானும் மனைவியும் நான்காவது வரிசை. திரை விலகியது. கண்ணாடியைக் கயிற்றிலிருந்து தூக்கி மாட்டிக்கொண்டேன். பலகைத் தடுப்புக்கு மேலே குழாய்க்காரர் எழுந்து, வாயைத் திறக்கும் முன்பே ஜனம் சிரித்தது. வாயைத் திறந்ததும் மண்டை பின்னால் சாய்ந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே "முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும்" என்றார். அரங்கமே அதிர்ந்தது. பின் வரிசையில் யாரோ என் முதுகைத் தட்டினார்கள். பொம்மை செய்தவன் என்று தெரிந்து பாராட்டியிருக்க வேண்டும். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "ஐயோ, அப்படியே..." என்றாள்.

"அப்படியே என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. மேடையைப் பாருங்க."

பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரு சொல்லுக்குக்கூட பெருவிரல் இறங்கவில்லை. ஜனம் சிரித்தது எதற்கு? வாய் பிசகியதற்கு. மண்டையை மண்டையை ஆட்டும் பொம்மையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அது நாடகத்துக்கான சிரிப்பு இல்லை. நான் இராப்பகலாக உட்கார்ந்து செய்த பொம்மை மேலே நின்று கேலிக்கு ஆளாகிக்கொண்டிருந்தது. என்னால் சகிக்க முடியாதது அதுதான், வேறொன்றும் இல்லை.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போனேன். மனைவியும் தம்பியைப் பாராட்டக் கூடவே வந்தாள். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எப்படி அத்தான்? கோவமில்லையே?"

"கோவம் எதுக்கு? நாலு விரலைத் தூக்கறே."

"ஜனம் உருண்டு உருண்டு சிரிக்குது. நீங்க உட்கார்ந்து என் விரலை எண்ணிட்டிருந்தீங்களா?"

"பெருவிரலை இறக்கினா..."

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாளாவது அவனை விடுங்களேன்" என்றாள் மனைவி. அவன் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, குழாய்க்காரர் குரலில், "முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும்க்கா, அத்தானுக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது" என்றான். இருவரும் டீ குடிக்கப் போனார்கள். குழாய்க்காரர் மேசைமேல் கிடந்தார்.

ஒயர்களைக் கற்றையாகக் கட்டும் நைலான் பட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் பல் பல்லாக இருக்கும். இழுத்தால் ஒவ்வொரு பல்லாக இறுகும், திரும்பி வராது. லிஃப்ட் வேலையில் அது எப்போதும் பையில் கிடக்கும். பொம்மையின் மேல்தாடைக்குள் நான்கு விரல்களைப் பிடித்துக்கொள்ள ஒரு தோல் வளையம் வைத்திருந்தேன். அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பட்டையை வளையமாகப் போட்டேன். அதன் வாலை மணிக்கட்டுப் பக்கத்துத் துணியோடு பிணைத்தேன். நான்கு விரல்களைத் தூக்கினால் வால் இழுபடும், ஒரு பல் இறுகும். பெருவிரலை இறக்கினால் ஒன்றும் ஆகாது. இதில் இருக்கும் நியாயத்தைக் கவனியுங்கள். தப்புக்கு மட்டும்தான் இறுகும். ஒழுங்காக ஆட்டுகிறவன் நாள் முழுக்கக் கையை உள்ளே வைத்திருந்தாலும் ஒரு கீறல் விழாது. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாதியில் வெள்ளப் பாட்டு வரும். குழாய்க்காரர் ஒற்றை மூச்சில் பாடும் வேகப் பாட்டு.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், தண்ணி ஏன்தான் கீழ ஓடுது" என்று தொடங்கும். எழுத்துக்கு எழுத்து வாய் திறக்க வேண்டும். மொத்தம் ஐந்து சரணம். முதல் சரணத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் மண்டை சாய்வது கொஞ்சம் குறைந்தது. கற்றுக்கொள்கிறான் என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மூன்றாவதில் பொம்மை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கையை உருவப் பார்க்கிறான். உருவினாலும் விரல் மேலே போகும், போனால் இறுகும். அந்த நேரத்தில் பெருவிரலை இறக்கியிருந்தால் அத்தோடு நின்றிருக்கும். எட்டு வாரமாக நான் சொன்னது அந்த ஒன்றைத்தான்.

நான்காவது சரணத்தில் குழாய்க்காரர் அலறினார்.

"அத்தான், கழட்டுங்க! அத்தான்!"

அன்றைக்கு அதுவரை வராத சிரிப்பு அப்போது வந்தது. முன் வரிசையில் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தம்பியின் நிஜக் குரல் அவளுக்குத் தெரியும்.

"ஏங்க, அவன் உங்களைத்தான் கூப்பிடறான்."

எனக்குக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் அந்த அலறலில் வாயும் சத்தமும் முதல் தடவையாக இம்மி பிசகாமல் பொருந்தின. கீழ்த்தாடை முழுதாக இறங்கியது, மேல்தாடை அசையவே இல்லை. அவ்வளவு துல்லியமாக நான் அதைப் பார்த்ததே இல்லை. மேலும், பாட்டில் இன்னும் ஒரு சரணம் பாக்கியிருந்தது.

கையை வெளியே எடுக்க மேடைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு வெகுநேரம் ஆயிற்று. பொம்மையைக் கத்தரியால் கிழித்தார்கள், பட்டையைச் சமையல் கத்தியால் அறுத்தார்கள். வெட்டும் குறடு என் சட்டைப் பையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

வெறும் நைலான் பட்டை அப்படிச் சதையை வெட்டாது என்று உங்கள் டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அவர் சொல்வது சரி. பட்டை அகலம். அகலமானது அழுத்தும், அவ்வளவுதான். அதன் உட்புறத்தில் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று ஓட்டியிருந்தேன். அதைப் பட்டையோடு சேர்த்துப் பிணைக்கப் பதினைந்து நிமிட இடைவேளை போதாதுதான். மூன்று வாரத்துக்கு முன்பே, அவன் அந்தக் குரலைக் கண்டுபிடித்த அன்று மாலையே, வீட்டில் உட்கார்ந்து செய்துவிட்டேன். அவன் கையளவு என்னிடம் இருந்தது. ஒவ்வொரு ஒத்திகைக்கும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். அவன் திருந்தியிருந்தால் அது பையிலேயே கிடந்திருக்கும்.

மூன்று விரல்களில் நரம்பு அறுந்துவிட்டது என்றும், இனி அவன் யார் வாய்க்குள்ளும் கருவியைப் பிடிக்க முடியாது என்றும் சொன்னார்கள். செய்தது நான்தான். தெரிந்து, அளவெடுத்துச் செய்தேன். பெருவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ஆரம்பத்திலிருந்தே சொன்னது போல, பேசுவதற்கு அது ஒன்று போதும்.

மருத்துவமனை நடையில் மனைவி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அந்தப் பொம்மை யாருன்னு தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?" அது யாருமில்லை, ஒரு குழாய்க்காரர் என்றேன். இனி வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் கண்ணாடி இங்கே கழுத்திலேயே தொங்குகிறது. ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நாடகத்தை நேரில் பார்த்ததாகச் சொன்னாரே உங்கள் எழுத்தர், நான் வாக்குமூலத்தின் முதல் வரியைச் சொன்னபோது அவர் ஏன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்?