கிளம்பினவனைக் கூப்பிடக் கூடாது

காலையில் இட்லி மாவு வாங்க வருகிறவர்கள் பொய் பேசுவதில்லை, மேடம். பல் துலக்காமல், முடியை அள்ளிச் செருகிக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியோடு நிற்கிற ஆளுக்குப் பொய் சொல்லத் தெம்பு எங்கே இருக்கும்? முத்தியால்பேட்டையில் பதினெட்டு வருஷமாக மாவுக்கடை வைத்திருக்கிறேன். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் மகனுக்கு வேலை போச்சு, எந்த மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் உண்மையிலேயே புருஷன் பெண்டாட்டிதானா என்பதெல்லாம், மாவை ஊற்றி மூடி போடுவதற்குள் எனக்கு வந்துசேர்ந்துவிடும். நான் தேடிப் போவதில்லை. வருவதை வாங்கி, கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன்.

நடந்ததை என் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றீர்கள். நல்லதுதான். தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அரைகுறைச் செய்தி எனக்குப் பிடிக்காது.

அமிர்தவல்லி என் பக்கத்து வீட்டுக்காரி. மில்லில் நூல் நூற்கிற மெஷினோடு இருபது வருஷம் நின்றவள். அந்த இரைச்சலில் ஒரு காது முழுக்கப் போய்விட்டது. புருஷனும் போய், மில்லும் மூடிய பிறகு அவளுக்கென்று மிஞ்சியது மற்றொரு காதும் நிலவன் என்கிற மகனும்தான். நிலவன் டீசல் ஜெனரேட்டர் மெக்கானிக். சாதுவான பிள்ளை, என்னை அத்தை என்பான். அவனைத்தான் தென் துருவத்துக்குப் போகிற ஆராய்ச்சிக் குழுவில் எடுத்தார்கள். விஞ்ஞானிகள் பனியைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவன் ஜெனரேட்டர் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது நின்றால் விஞ்ஞானிகளும் நின்றுவிடுவார்கள். பிப்ரவரியில் கடைசி விமானம் போனால் நவம்பர் வரை அங்கே வேறு விமானம் கிடையாது.

இந்தச் செய்தியைத் தெருவுக்கு முதலில் சொன்னது நான்.

எதிர்வீட்டு மேனகாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. அது சொல்தா வீடு. அவள் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, சாகும்வரை பிரான்ஸ் பென்ஷன் வாங்கியவர். கொழுந்தன் பாரீஸில். முப்பது வருஷமாக எங்கள் தெருவில் விமானம் என்றால் அது மேனகா வீட்டு விமானம். ஆகஸ்டில் கொழுந்தன் குடும்பம் வரும். வீட்டுக்கு நாலு சாக்லேட் வரும். கூடவே, "பத்து மணி நேரம்க்கா, காலே மரத்துப்போவும்" என்ற பேச்சும் வரும். நாங்கள் சாக்லேட்டைச் சப்பிக்கொண்டே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்கும் ஒரு சறுக்கல் உண்டு, மறைக்கவில்லை. மில்லைத் திரும்பத் திறக்கப் போகிறார்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். எனக்குச் சொன்னவர் நம்பகமான ஆள்தான். ஆறு பேர் பழைய அடையாள அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போய், மில் கேட்டில் அரை நாள் நின்றுவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து மேனகா கடைக்கு வந்தால், "மாவு இருக்காக்கா, இல்ல அதுவும் சேதிதானா?" என்பாள். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும், கேட்பவர்கள் மெய்தானா என்று மேனகாவின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பதினெட்டு வருஷம் உழைத்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

நிலவன் விஷயத்திலும் அவள் அதையேதான் செய்தாள். "போறன்னு சொல்றவன்லாம் போயிடுவானாக்கா? பாரு, நம்ம ஊரு எல்ல, கனகசெட்டிக்குளத்தக்கூட தாண்ட மாட்டான். அம்மாவுக்குத் தலவலின்னா ஓடியாந்துடுவான்." அப்படிச் சொல்ல அவளுக்குக் காரணமும் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் மஸ்கட் வேலைக்குக் கிளம்பியவன், அமிர்தவல்லிக்குக் காய்ச்சல் என்று யாரோ போன் செய்ததால் மீனம்பாக்கத்திலிருந்தே திரும்பி வந்துவிட்டான். அந்தப் பயணத்தையும் ஊருக்குச் சொன்னவள் நான்தான்.

ஆகவே இந்த முறை நான் குறை வைக்கவில்லை. தெருமுனையில் பேனர் கட்டினேன். நடுவில் நிலவன், இரண்டு பக்கமும் பென்குயின், கீழே 'வாழ்த்தும் மாவுக்கடை அஞ்சலாட்சி' என்று என் பெயர். அவன் கொடுத்த படிவத்திலும் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள என் நம்பர்தான். அமிர்தவல்லிக்குப் போனில் பாதி கேட்காது.

கிளம்பிய அன்று ஒன்று நடந்தது. வண்டி நகர்ந்த பிறகுதான் அவனுடைய சார்ஜர் கட்டில்மேல் கிடப்பதைப் பார்த்தேன். கூப்பிட வாயைத் திறந்தேன். அமிர்தவல்லி ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "கெளம்பினவன பின்னால கூப்புடாதடி, அஞ்சல. போற காரியம் வெளங்காது." அப்படியொரு பிடிவாதக்காரி.

சென்னை, கோவா, மும்பை, துபாய், கேப் டவுன். ஒவ்வொரு ஊரிலிருந்தும் பேசி அனுப்புவான். கடையில் வரிசை நிற்கும்போது சத்தமாகப் போட்டுக் காட்டுவேன். பாரீஸுக்குப் பத்து மணி நேரம் என்றால் இது எத்தனை நாள் என்று வரிசையே விரல் விட்டு எண்ணியது. மேனகா சில்லறையை மட்டும் எண்ணினாள்.

கேப் டவுனில்தான் சிக்கிக்கொண்டான். "அங்க பனிப்புயலாம் அத்த. எறங்குற எடமே ஐஸ்கட்டிதான், காத்தடிச்சா எறக்க முடியாதாம். தெனம் காலைல மூட்டைய கட்டுறோம், சாயங்காலம் அவுக்குறோம்." ஒரு நாள், இரண்டு நாள் என்று ஒரு வாரம் போனது. "என்னாக்கா, ஒங்க ஆளு இன்னும் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கிறாரா?" என்றாள் மேனகா. வரிசை பழையபடி சிரித்தது.

எட்டாம் நாள் காலை பத்தரை மணி. கூட்டம் ஓய்ந்திருந்தது. அமிர்தவல்லி வந்து கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். நெஞ்சைப் பிசைந்துகொண்டாள். இடது கையை உதறினாள். ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

எனக்கு அந்த வியர்வையைத் தெரியும். என் வீட்டுக்காரர் ராமலிங்கத்துக்கு இப்படித்தான் வந்தது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தேன், மதியத்துக்குள் போய்விட்டார். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் திட்டினார். ஆகவே, பாவம், விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாராவது எனக்காகப் பேச வந்தால் நீங்கள் ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு விவரம் தெரியும்.

அமிர்தவல்லிக்கும் ஓமத்தண்ணீர்தான் கொடுத்தேன்.

ஆட்டோவில் போனால் பெரியாஸ்பத்திரி பத்து நிமிஷம். ஆனால் ஆட்டோ வாசலில் நின்றால் மேனகா ஜன்னலில் நிற்பாள். அடுத்த நிமிஷம் கேப் டவுனில் போன் அடிக்கும். அவன் மூட்டையை அவிழ்த்துவிட்டு ஊருக்கு விமானம் ஏறிவிடுவான். முப்பத்தொரு வயது ஆம்பிளைக்கு இன்னொரு தடவை இப்படி ஒரு வாய்ப்பு வருமா? யாராவது ஒருத்தர் உறுதியாக இருந்தாக வேண்டும். ஷட்டரை இறக்கினேன். அவளைக் கைத்தாங்கலாக உள் அறைக்குக் கூட்டிப்போய் என் கட்டிலில் படுக்கவைத்தேன். பட்டப்பகலில் என் கடை ஷட்டர் இறங்கியது அன்றுதான் என்று மேனகா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அவளும் பார்க்கத் தெரிந்தவள்தான்.

"நிலவன கூப்புடுடி," என்றாள் அமிர்தவல்லி.

அவள் கூப்பிட வேண்டாம் என்று சொன்னதாகத்தான் இத்தனை நாளும் தெருவில் பேச்சு. அப்படிச் சொல்லிவைத்தவள் நான். அவள் கூப்பிடச் சொன்னாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை.

"கெளம்பினவன பின்னால கூப்புடக் கூடாதுன்னு எவடி சொன்னது? நீதான?" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சாத்திரம், நான் ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவனை அனுப்பிவைத்த கோவா ஆபீஸிலிருந்து போன். மலையாளத் தமிழில் ஒரு அதிகாரி பேசினார். புயல் நின்றுவிட்டது, நாளைக்கு விமானம் போகிறது என்றார். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்பது அவர்கள் வழக்கமாம். "வீட்டில் எல்லார்க்கும் சுகம்தானே? இது போனால் நவம்பர் வரை ஆளைக் கொண்டுவர ஒக்காது." எல்லாரும் நல்ல சுகம் சார் என்றேன். மரியாதையாகப் பேசினார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

பின்னாலேயே நிலவன். "அத்த, நாளைக்குக் கெளம்புறோம். அம்மாகிட்ட குடு."

அமிர்தவல்லி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். போனில் எரிந்த அவன் படத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையில் வெந்நீர் டம்ளரை வைத்தேன்.

"அம்மா பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருக்காடா, கருவாடு வாங்க. நீ நல்லபடியா போயிட்டு வா."

"இந்நேரத்துலயா?" என்றான்.

"ஒங்கம்மாவுக்கு நேரம் காலம் ஏதுடா?"

சிரித்தான். அவன் சிரித்தது எனக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் நம் ஊர் நேரப்படி பன்னிரண்டரைக்கு விமானம் கிளம்பியது. ஏறி உட்கார்ந்ததும் ஒரு படம் அனுப்பினான். உள்ளே விமானம் மாதிரியே இல்லை, தகரக் குடோன் மாதிரி இருந்தது. ஆளும் மூட்டையும் ஒன்றாக. அதற்குப் பிறகு போன் கிடைக்காது. அப்போதே நான் 108-ஐக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். அங்கேதான் உங்களுக்கு விவரம் போதவில்லை. நிலவன் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறான்: "மொத்தம் ஆறு மணி நேரம் அத்த. பாதி வழி வரைக்கும் பைலட் நெனச்சா திரும்பலாம். அதுக்கு மேல எண்ணெய் பத்தாது, பனியிலதான் எறங்கியாவணும்." அந்த விமானம் திரும்பி வரும்போதும், போன வருஷம் போனவர்கள் ஏறி, இடமே இருக்காது என்றான். ஆக, மூன்றரை மணி தாண்டிவிட்டால் பிறகு யார் தகவல் சொன்னாலும் ஒன்றும் ஆகாது. அதுவரை காத்திருப்பது என்று முடிவுசெய்தேன்.

ஒரு மெக்கானிக்கின் அம்மாவுக்காக எந்த விமானம் நடுவானத்தில் திரும்பும் என்று நேற்று கேட்டீர்கள். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தீர்கள். பிரசவ வலி எடுத்த பெண்ணுக்காக டவுன் பஸ்ஸை ஆஸ்பத்திரிக்கே திருப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பைலட்டுக்கும் ஒரு தாய் இருப்பாள் இல்லையா? திரும்பவே திரும்பாது என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்படியானால் அந்த மூன்று மணி நேரம் வீண்தான். அதற்கு முந்தின ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வீண் இல்லை.

நிலவனுக்குப் பத்து நாள் கழித்துச் சொன்னோம். கொள்ளி வைத்தது பங்காளி மகன் கமலக்கண்ணன். நிலவன் அங்கே ஜெனரேட்டர் அறையில் உட்கார்ந்து தானே தலையை மழித்துக்கொண்டானாம். நவம்பரில் வந்தான். ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம் சீட்டை வாங்கிப் பார்த்தான். நோய் கண்டு ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கிறது என்று எழுதியிருந்ததாம். என் கடைக்கு முன்னால் வந்து நின்றான். "அத்த, அன்னிக்கு அம்மா மார்க்கெட் போனாங்களா?" என்று மட்டும் கேட்டான். போகவில்லை என்றேன். நேராகக் கேட்டால் நேராகச் சொல்கிறவள் நான். இங்கே வந்துவிட்டான். வரட்டும். எங்கே போய்விட்டு வந்தவன் என்பதை இந்த ஸ்டேஷனே இப்போது தெரிந்துவைத்திருக்கிறது இல்லையா? மஸ்கட்டுக்குப் போகாமல் வந்தபோது அவனை யார் தெரிந்துவைத்திருந்தார்கள்?

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றரை ஆனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், போனிலும் சரிபார்த்தேன். அமிர்தவல்லிக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஆனால் வந்துகொண்டிருந்தது. "பாதி தாண்டிட்டான்டி," என்று அவள் கேட்கிற காதில் சொன்னேன். உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை.

108-க்கு மூன்று ஐம்பத்தைந்துக்குத்தான் போன் வந்திருக்கிறது என்கிறீர்கள். சரியான கணக்குத்தான். முதலில் ஷட்டரை அரை ஆள் உயரத்துக்குத் தூக்கி, குனிந்து வெளியே வந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். மேனகா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நிலவன் போய்ச்சேந்த மாதிரிதான் மேனகா. இனிமே பைலட்டே நெனச்சாலும் திருப்ப முடியாது."

மடித்த துணியை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள். "நெசமாவா? சரிக்கா, நீ சொன்னது நடந்துபோச்சு. ஒக்காரு, காபி போடறேன்."

அந்த வீட்டில் எனக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை. காபி நல்ல கெட்டியாக இருந்தது. அவசரப்படாமல் குடித்தேன். விமானத்துக்குள் எப்படி இருக்கும், எத்தனை பேர் போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது இழுப்பு நின்றிருந்தது. அதன் பிறகு 108-ஐக் கூப்பிட்டேன்.

எல்லாம் அந்தப் பிள்ளை நன்றாக வர வேண்டும் என்று செய்ததுதான். இதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்: இதில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒன்றுமில்லை.