ஒன்பது பொருத்தம்

சாருலதாவின் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தேன், டாக்டர். சிரிக்காதீர்கள். செம்பூர் ஆய்வுக்கூடத்தில் ஆயுள் முழுக்கப் புரதங்களோடு குப்பை கொட்டியவன்தான் நான். ஆனாலும் எங்கள் மாதுங்கா வட்டாரத்தில் பத்துப் பொருத்தம் பார்க்காமல் பெண்ணைக் கொடுப்பதில்லை. ஒன்பது பொருந்தின.

காலையில் பேரனைப் பார்த்துவிட்டு, சாருவை வைத்துக்கொண்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அதைத் திருத்தத்தான் இப்போது தனியாக வந்திருக்கிறேன்.

என் மனைவி ஷ்யாமளாவுக்கு ஒரு தம்பி இருந்தான். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். கையைக் கடித்துக்கொண்டே இருப்பான். சின்ன வயதில் ஜுரம் வந்து இப்படி ஆகிவிட்டது என்று ஊருக்குச் சொல்லிவைத்திருந்தோம். அவன் ரத்தத்தைச் சோதித்தேன். நான் ஆராய்ந்த புரதம் அவன் உடம்பில் இல்லவே இல்லை. மூளை நரம்பின் கிளை நுனிவரை ஆர்.என்.ஏ. என்கிற சேதியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற புரதம் அது. போய்ச் சேரும்வரை அதை வாய் திறக்க விடாது. அது இல்லையென்றால் ஆர்.என்.ஏ. நேரம் காலம் பார்க்காமல் வேலை செய்யும். மூளை சரியாக வளராது.

சாருவுக்கு வரன் வந்த சமயம், ஆராய்ச்சிக்கு ஆரோக்கியமானவர்களின் ரத்தம் தேவை என்று சொல்லி என் மகள்கள் இருவரிடமும் எடுத்தேன். இருவரிடமும் அந்தப் புரதத்துக்கான மரபணுவில் பழுது இருந்தது. அவர்களுக்குத் தொந்தரவில்லை, பிறக்கும் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். பையன் தங்கமானவன், சயானில் சொந்த ஃபிளாட். நான் வாய் திறக்கவில்லை.

பேரன் நகுலுக்கு மூன்று வயதாகிறது. இன்னும் அம்மா என்று கூப்பிடவில்லை. நேற்று சாரு கேட்டாள்: "அப்பா, இவன் வயத்துல இருக்கறச்சே கூட்டத்துல லோக்கல் ரயில்ல நின்னுண்டே ஆபீஸ் போனேனே, அதனாலயாப்பா?"

"இருக்கலாம், கொழந்தே" என்றேன்.

அவள் அழவில்லை. தலையை ஆட்டிவிட்டு, நகுலின் கையை அவன் வாயிலிருந்து மெல்ல விலக்கினாள். அந்தப் புரதம் செய்ததைத்தானே நானும் செய்தேன்? சேதியைச் சுமந்தேன், வேளை வரட்டும் என்று காத்திருந்தேன்.

சாருவிடம் சொல்லியாக வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான், சொல்லுங்கள். அடுத்த வாரம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வந்தனாவைப் பெண் பார்க்க தாதரிலிருந்து வருகிறார்கள். இந்தத் தடவை பத்துக்குப் பத்தும் பொருந்தியிருக்கிறது.