ஆறாவது குழி

நோலா: முன்னாடி குண்டெல்லாம் பேப்பருக்கு மேலயே போச்சு, வெர்லின்.

வெர்லின்: இனிமே இறங்கும். துப்பாக்கிச் சுத்தியோட மண்டையில இருக்கிற வெட்டை ஆழமா அராவியிருக்கேன். அது வழியாத்தானே குறி பார்க்கணும்... உன் புருஷன் ரிவால்வருக்கு உன்னை மாதிரியே பிடிவாதம்.

நோலா: ஓரினை மாதிரின்னு சொல்லுங்க. செத்தும் அடங்கலை.

வெர்லின்: சும்மா இரு. உருளையில அஞ்சு குழிக்கு மருந்து, குண்டு, நெருப்பு தாவாம இருக்க மேல கொழுப்பு... நானே போட்டு வச்சுட்டுத்தான் பேப்பர் மாட்டப் போனேன். தவறி விழுந்தா வெடிக்காம இருக்க, ஆறாவது எப்பவும் காலி. சுடு.

நோலா: ஆறாவதையும் இழுக்கணுமில்ல?

வெர்லின்: ஆமா. நம்ம கிளப்புல ஒருத்தன் செத்தா அடுத்த போட்டியில அப்படித்தான். அஞ்சு வெடி, அப்புறம் வெறும் 'டிக்'. அது அவனுக்கு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் தொப்பியைக் கழட்டிட்டு நிப்பாங்க, நீ சொதப்பிடாதே.

நோலா: ...அஞ்சு ஆச்சு. எல்லாம் பேப்பர்லயே! இப்ப வெறும்—

வெர்லின்: ஐயோ, ஆறாவதும் வெடிக்குதே! கீழ வை! கீழ வை!

நோலா: காலின்னீங்க?

வெர்லின்: காலிதான்! பக்கத்துக் குழிக்கு நெருப்பு தாவியிருந்தா... இல்ல, அப்பவே சேர்ந்து வெடிச்சிருக்கும். நான்தான் தப்பா எண்ணிட்டேன் போல.

நோலா: ஓரினும் தப்பா எண்ணினாரா? அன்னிக்கு இது உறையிலேர்ந்து நழுவி விழுந்து வெடிச்சுத்தானே செத்தாரு... சுத்தி காலிக் குழி மேல இருந்தா எப்படி வெடிக்கும்?

வெர்லின்: மறந்து ஆறையும் நிரப்பிட்டான்னு ஷெரீஃபே சொன்னாரே.

நோலா: என் பொறந்தநாளை மறப்பாரு. இதை மறக்க மாட்டாரு. வெர்லின்... தூக்கமே வரலை. வேணும்னே போட்டுக்கிட்டாரோன்னு...

வெர்லின்: சேச்சே! அப்படி நினைக்காதம்மா.

நோலா: அப்ப திரும்பப் போடுங்க. என் கையே படாம. நீங்களே சுடுங்க.

வெர்லின்: ...பாரு. ஆறாவதுல குச்சியை விடுறேன். அடிவரைக்கும் போகுதா? பின்னாடி பொட்டு வெடி மாதிரி வைக்கிற கேப்பும் இல்ல.

நோலா: காலிதான்.

வெர்லின்: மூணு... நாலு... அஞ்சு. ஆச்சா? இனிமே வெறும் டிக்கு—

நோலா: வெர்லின்!

வெர்லின்: ...வெடிச்சிடுச்சு.

நோலா: குச்சி அடிவரைக்கும் போச்சே!

வெர்லின்: ஓரின்... டேய்... விளையாட்டுக்குடா! நீ காபி எடுக்கப் போனப்ப போட்டேன். கடைசியில காலிக் குழியை இழுத்துப் பார்ப்பியே... வெடிச்சதும் துள்ளுவே, எல்லாரும் சிரிக்கலாம்னு... அதுக்குள்ள கீழ விழும்னு நான் கண்டேனா!

நோலா: ...அப்ப அவரா போட்டுக்கலை.

வெர்லின்: இல்லம்மா. நான்தான். ஷெரீஃப்கிட்ட சொல்லு, என்ன வேணா பண்ணு. ஆனா இப்படி ரெண்டு தடவை உசுரை எடுக்கணுமா? ஆறாவதுல குண்டு எப்பப் போட்டே?

நோலா: நீங்க பேப்பர் மாட்டப் போனப்ப. அன்னிக்குப் போட்டது நீங்களோன்னு, உங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்னு.

வெர்லின்: சரி, அது முதல் தடவை. இப்ப?

நோலா: இப்பவா? நான் தொடவே இல்ல. துப்பாக்கி உங்க கையை விட்டே போகலையே, வெர்லின்...