ஏரி என்ற சொல் இல்லாத சட்டம்

முகத்தில் கண்டிப்பும் மனத்தில் கனிவும் கொண்ட சங்கத் தலைவர் தாமோதரன் அவர்களே! முலாம் பட்டறை உரிமையாளர் சங்கத்தின் மூத்தோர்களே! பெருங்களத்தூர் நெரிசலைப் பிளந்து வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! வாதாடியே வயிறு வளர்க்கும் இந்த வழக்கறிஞன், இன்று உங்களிடம் ஒரு வியப்பைச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒற்றுமை! ஊரைக் காக்கும் ஒற்றுமை! உறவைக் காக்கும் ஒற்றுமை! ஆனால் அது அழுக்கையும் காக்கலாமா?

மறைமலை நகரில் கார் உதிரிபாகங்களுக்கு முலாம் பூசுகிறவர் சாஹிரா. கழுவிய நச்சு நீரை எல்லோரையும் போல ஏரியில் விடாமல், வடித்து மறுபடியும் பயன்படுத்த ஓர் இயந்திரம் செய்தார். இந்தச் சங்கம் கை தட்டியதா? கூடிப் பேசியது! "ஒருத்தர் போட்டா எல்லாரும் போடணும். அதனால யாரும் போடக் கூடாது" என்றது. சாஹிராவுக்குக் கெமிக்கல் தராதீர்கள் என்று கடைகளுக்கும் சொல்லி அனுப்பியது. பட்டறை மூடும் நிலைக்கு வந்துவிட்டது.

என்ன தம்பி? "இன்னா சார், வுட்டுட்டாங்களா?" என்கிறீர்களா? விடுவாரா அவர்! வழக்கோடு என்னிடம் வந்தார்.

வியாபாரத்தில் போட்டியைக் காக்கும் போட்டிச் சட்டத்தைப் புரட்டினேன். ஏரி என்ற சொல் அதில் இல்லை. மரம் இல்லை, மீன் இல்லை. ஆனால், கூடிப் பேசி விலையை ஏற்றாதே என்று சொன்ன கையோடு, கூடிப் பேசித் தொழில்நுட்ப வளர்ச்சியைக் கட்டுப்படுத்தாதே என்றும் எழுதியிருக்கிறது! மெய் சிலிர்த்துப் போனேன். டெல்லியில் யாரோ எழுதிய வரி, நாம் கூடியிருக்கும் இந்தச் செம்பாக்கத்துக்கு வழி கேட்டால் தெரியாத வரி, இங்கே ஒரு பெண்ணுக்குத் துணையாக வந்து நின்றதே! சேர்ந்து சுத்தம் செய்ய அந்தச் சட்டத்தில் வழி உண்டு, ஐயா. சேர்ந்து தடுக்கத்தான் கூடாது. சங்கத்தின் முடிவு செல்லாது என்று போட்டி ஆணையம் தீர்ப்பளித்தது.

அந்த வாரமே நம் தலைவர் சாஹிராவின் பட்டறைக்குப் போனார். சிரிக்கிறார் பாருங்கள்! நானும் அங்கே இருந்தேன். "ஏம்மா, அந்த மிஷினு எப்டிம்மா செஞ்ச?" என்று கேட்டார். சாஹிரா வரைபடத்தையே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்.

பதறிப்போனேன். "என்னம்மா, எதிராளிக்கே தூக்கிக் கொடுக்கிறீங்க?"

"எடுத்துக்கினு போவட்டும் சார். அண்ணனும் இதையே போட்டாத்தானே, இதவிட நல்லதா நான் ஒண்ணு கண்டுபுடிப்பேன்!"

இதற்குப் பெயர்தான் போட்டி, பெரியோர்களே! இதற்குப் பெயர்தான் போட்டி!

காது கொடுத்த உங்களுக்கு நன்றி. கேலியைப் பொறுத்த தலைவருக்கு இன்னொரு நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்!