பின்முற்றத்தில் ஊறப்போட்ட ஆள்

இரவுநேர மதுக்கூடம் ஒன்றின் மது உரிமம் தொடர்வதா, ரத்தாவதா என்ற மறு ஆய்வை ஒட்டி, அதன் வாசல் பாதுகாப்பில் நடந்தவை குறித்துத் தலைமை பவுன்சர் தாமாக நேரில் வந்து கொடுத்த இரண்டாம் வாக்குமூலம்.

அழைக்கும் பெயர்: பூட்டு. வயது: நாற்பத்தொன்று. தொழில்: நேற்று வரை பவுன்சர். விலாசம்: இன்று காலை வரை முதலாளி வீட்டு மாடி அறை. தற்போது விலாசம் இல்லை.

மேற்படி மதுக்கூடத்தின் முதலாளி என் அக்காவின் கணவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மாப்ள என்பார். இந்த வாக்குமூலத்தில் அவரை முதலாளி என்றே எழுதிக்கொள்ளும்படி அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன். மாமா என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை.

சென்ற வாரம் இதே அறையில் நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில், அன்றிரவு பின்முற்றத்தில் நாங்கள் அடைத்துவைத்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு உடம்பு சரியில்லை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். முதலாளி தன் அறையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததை நான் கிளிப்பிள்ளை மாதிரி இங்கே வந்து ஒப்பித்தேன். தெரியாமல் நடந்தது என்றால் உரிமம் தப்பிக்கும், தெரிந்தே நடந்தது என்றால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று வக்கீல் அவரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். முதலாளிக்குத் தெரியும் என்று சொல்வதற்காகவே இன்று வந்திருக்கிறேன்.

மதுக்கூடம் நிலத்தடியில் இருக்கிறது. படியேறி வந்தால் வாசல், வாசலை ஒட்டி எங்களுக்கு ஒரு சின்ன அறை, அந்த அறையின் பின்னால் ஓர் இரும்புக் கதவு. அதைத் திறந்தால் காலி பாட்டில் பெட்டிகள் அடுக்கும் முற்றம். நான்கு பக்கமும் ஆள் ஏற முடியாத சுவர். சந்துப் பக்கம் உள்ள கேட்டை பாட்டில் லாரி வரும்போது மட்டும்தான் திறப்போம்.

குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவரை முன்வாசல் வழியாக வெளியேற்றினால் வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று முதலாளி சொன்னதன் பேரில், அப்படிப்பட்டவர்களைப் பின்முற்றத்தில் விட்டுக் கதவைச் சாத்துவது வழக்கமாயிற்று. இதற்கு எங்களுக்குள் ஊறப்போடுவது என்று பேர். ஊறப்போடும் முன் ஆளிடமிருந்து கைபேசி, மூக்குக்கண்ணாடி, பையில் உள்ளவை எல்லாவற்றையும் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிடுவோம். கண்ணாடி உடைந்தால் நஷ்டஈடு கேட்பார்கள், கைபேசி இருந்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள். அதன் பிறகு உள்ளே இருப்பவர் கதவைத் தட்டுவார். தட்டாத ஆளை நான் பார்த்ததில்லை. முதலில் கெட்ட வார்த்தை, அப்புறம் கெஞ்சல், கடைசியில் அம்மாவைக் கூப்பிடுவது. தட்டுகிற வரை போதை இருக்கிறது, தட்டுவது நின்றால் தெளிந்துவிட்டது, அப்போதுதான் திறக்க வேண்டும் என்பது எங்கள் முறை. எனக்குக் கீழே வேலை பார்த்த நெட்டை என்ற பவுன்சர் கதவில் காதை வைத்துக்கொண்டு ஆள் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று வானிலை அறிக்கை வாசிப்பது போல வாசிப்பான். எல்லோரும் சிரிப்போம். இந்த முறையைக் கொண்டுவந்தது நான் என்று முதலாளி நேற்றைய விசாரணையில் சொன்னார். கொண்டுவந்தது அவர். பேர் வைத்தது மட்டும் நான்.

சம்பவத்தன்று இரவு நல்ல மழை. கண்ணாடிக் கடைக்காரர் தன் கடை ஆட்களுடன் வந்திருந்தார். அவர் எங்களுக்குப் புது முகம் இல்லை. என் அக்கா போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடி அவர் கடையில் செய்ததுதான். சற்று நேரத்தில் அவர் மட்டும் தனியாகப் படியேறி வந்தார். முகமெல்லாம் வேர்த்து, நாக்கு குழறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சரக்கு வாடை அடிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். நெட்டை சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைக் காட்டி, "ஊருக்கே கண்ணு டெஸ்ட் பண்றவரு, இதக் கொஞ்சம் படிங்க பாக்கலாம்" என்றான். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுக் காட்டி மிட்டாய் என்றார். நெட்டை பையில் கைவிட்டு ஒரு பிடி எலுமிச்சை மிட்டாயை எடுத்து உயர்த்திப் பிடித்து, "பாப்பாவுக்கு மிட்டாய் வேணுமாம்" என்றான். அவர் எட்டிப் பிடிக்கப் பார்த்தார், கை எட்டவில்லை. அதன் பிறகு கண்ணாடி, கைபேசி, மிட்டாய் மூன்றையும் இழுப்பறையில் போட்டுவிட்டு நானும் நெட்டையும் அவரைப் பின்முற்றத்தில் விட்டுக் கதவைச் சாத்தினோம். தேடி வந்த கடை ஆட்களிடம் அவர் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போய்விட்டதாக நெட்டை சொல்லி அனுப்பினான்.

அதன் பிறகு முதலாளி மேலே வந்து எங்கள் அறையில் உட்கார்ந்தார். பின்னால் தட்டும் சத்தம் கேட்டு யார் என்று விசாரித்தார், சொன்னேன். இழுப்பறையைத் திறந்து ஒரு மிட்டாயை உரித்து வாயில் போட்டுக்கொண்டு எனக்கும் ஒன்று கொடுத்தார். நானும் தின்றேன். அப்போது இழுப்பறையில் இருந்த கைபேசி அடித்தது. முதலாளி அதை எடுத்து, வேடிக்கைக்காக ஸ்பீக்கரில் போட்டார். பேசியது கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி. பாட்டுச் சத்தத்தில் எதுவும் விளங்கவில்லை என்று முதலாளி விசாரணையில் சொன்னது பொய். அந்த அறையில் மழைச் சத்தமும் தட்டும் சத்தமும் தவிர வேறு சத்தம் இல்லை. அவர்கள் பேசியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"யாருங்க பேசுறது? அவரு எங்க?"

"அவரு குளிச்சிட்டிருக்காரும்மா."

"விளையாடாதீங்கய்யா. அவருக்கு சுகர். ஊசி போட்டுட்டு சாப்பிடாம விட்டா இறங்கிடும். பாத்தா குடிச்சவரு மாதிரியே இருப்பாரு. சட்டைப் பையில மிட்டாய் இருக்கும், ஒண்ணு வாயில போட்டு விட்டுருங்க, போதும். சரியாயிடுவாரு."

முதலாளி வாயிலிருந்த மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்.

"போட்டாச்சும்மா. சப்பிட்டுதான் இருக்காரு."

"ரொம்ப நன்றிங்கய்யா. உங்க புள்ள குட்டியெல்லாம் நல்லா இருக்கணும்."

அந்த அம்மாள் நிம்மதியாகக் கைபேசியை வைத்தார். அதன் பிறகு நான் முதலாளியிடம், "தெறந்துரலாமா மாமா?" என்று கேட்டேன். அவர், "தட்டுறான்ல? தட்டுற அளவுக்குத் தெம்பு இருக்குல்ல? முறைனா எல்லாருக்கும் முறைதான் மாப்ள" என்றார். சற்று நேரத்தில் தட்டுவது மெதுவாகி, விட்டு விட்டுக் கேட்டு, நின்றது. நெட்டை கதவில் காதை வைத்துவிட்டு, "கெஞ்சவே இல்ல, நேரா தெளிஞ்சிட்டாரு. ரோஷக்காரரு" என்றான். முதலாளி சிரித்துக்கொண்டே கீழே போனார். அதன் பிறகு வாசலில் ஒரு தள்ளுமுள்ளு வந்து, நானும் நெட்டையும் அதைத் தீர்த்துவிட்டுத் திரும்பிய பிறகே கதவைத் திறந்தேன். கண்ணாடிக் கடைக்காரர் பெட்டிகளுக்கு நடுவில் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் ஷூ கையில் இருந்தது. கை வலித்துப்போய் ஷூவைக் கழற்றி அதனால் தட்டியிருக்கிறார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான். உடம்பைத் துடைத்து, முன்வாசல் படிக்கட்டுக்குக் கொண்டுவந்து போட்ட பிறகே கூப்பிட வேண்டும் என்றது முதலாளி. அப்படியே செய்தேன். மிச்ச மிட்டாயை அவர் குப்பையில் போட்டார்.

அவர் பிழைத்துக்கொண்டார். பிழைத்தார் என்றால் மூச்சு விடுகிறார், கண் திறந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து அவர் மனைவி முதலாளி வீட்டுக்கு வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்து முதலாளி உள்ளே போய் ஒளிந்துகொண்டார். அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவரு கண்ணாடிய குடுங்க. கண்ணாடி இல்லாததாலதான் என்ன அடையாளம் தெரியாம முழிக்கிறாருன்னு நினைக்கிறேன்." முதலாளி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்ததை அக்கா ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்து, போட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டே, "ஃப்ரேம் வேற லூஸாகுது. இனி இத யாருகிட்ட குடுத்து டைட் பண்றது" என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொடர்ந்து சாப்பிட்டேன்.

உன்னைக் கைவிடமாட்டோம், வழக்கு முடியும் வரை வாயைத் திறக்காமல் இரு, பின்பு கடையின் முழுப் பொறுப்பும் உனக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். நம்பினேன். நேற்றைய விசாரணையில் அவர் எழுந்து, முற்றத்து விவகாரம் முழுக்க என் வேலை என்றும், தனக்கு எதுவும் தெரியாது என்றும், என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டதாகவும் சொன்னார். வாசல் ஆட்களை அடியோடு மாற்றினால் உரிமம் பற்றிப் பரிசீலிக்கலாம் என்று விசாரணைக் குழுத் தலைவர் சொன்னார். முதலாளி கைகூப்பினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நெட்டை அந்தப் பக்கமே வரவில்லை.

இன்று பகல் உச்சி வெயிலில் வீட்டுக்குப் போனேன். மாடிக்குப் போக வீட்டுக்குள்தான் வழி. தெருக்கதவின் பூட்டை மாற்றியிருந்தார்கள், என் சாவி நுழையவில்லை. தட்டினேன். அக்கா என்று கூப்பிட்டேன். மாமா என்றும் கூப்பிட்டேன். உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் முதலாளி, "உம் தம்பிதான்டி, என்ன பண்றது?" என்று கேட்டது காதில் விழுந்தது. அக்கா சொன்னாள்: "தட்டட்டும் விடுங்க. தட்டுறது நின்னா தெளிஞ்சிட்டான்னு அர்த்தம். அப்புறமா தெறந்து பேசிக்கலாம்."

அம்மா செத்த பிறகு எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள். தட்டுவதை நிறுத்தினேன். நிறுத்திவிட்டு அங்கே நிற்காமல் நேராக இங்கே நடந்து வந்தேன்.

முதலாளி மீது விரோதம் உண்டா என்று அதிகாரி கேட்டதற்கு, உண்டு, கடை மூடுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். விரோதம் இருப்பதால் சொன்னது பொய்யாகிவிடாது. அந்த அம்மாளின் கைபேசியில் அழைப்பு எடுக்கப்பட்டதும் எவ்வளவு நேரம் பேசியதும் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடிக் கடைக்காரருக்காக வருத்தப்படுகிறீர்களா என்று கேட்டதற்கு, கதவைத் திறந்தது நான்தான், முதலாளி அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளும்படி சொன்னேன். திரும்பவும் கேட்டார். அதையே திரும்பவும் சொன்னேன்.

எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நானும் ஒரு மிட்டாய் தின்றேன் என்ற இடத்தை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன், முடியாது என்றார். மற்றபடி நான் சொன்னது கூடாமல் குறையாமல் இதில் இருக்கிறது, யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது மேசைமேல் இருந்த என் கைபேசி அடித்தது. அக்கா. கதவைத் திறந்து பார்த்திருப்பாள். வேண்டுமானால் எடுத்துப் பேசிக்கொள்ளுங்கள் என்று அதிகாரி சொன்னார். அடிக்கட்டும் என்றேன். அது அடித்து அடித்து நின்ற பிறகு, உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
பூட்டு