பத்து திர்ஹாம் பெட்டி

இல்ல காக்கா, அதை எடுக்காதீங்க, கைரேகை விழும். பாக்கணும்னா நானே எடுத்துத் தர்றேன். ஆமா, அட்டை தான். வெறும் அட்டை. அதுக்கு ஒரு பிளாஸ்டிக் கூடு, கூட்டுக்கு ஒரு சீல், மேல பத்துக்கு இத்தனைன்னு ஒரு மார்க்கு. நம்மூரு ஆளு எவன் கடைக்குள்ள வந்தாலும் இதே சிரிப்புத் தான் சிரிக்கிறான். நீங்களும் சிரிங்க. எங்க வாப்பா காயல்பட்டினத்துல ரத்தினக் கல்லு யாவாரம் பண்ணுனப்பவும் சனங்க இப்படித் தான் சிரிச்சுச்சு.

முதல்ல உக்காருங்க. பஹ்ரைன்லேருந்து பிளைட் புடிச்சு, ரூமுக்குக் கூடப் போகாம நேரா கராமாவுல என் கடைக்கு வந்து நிக்கிறீங்க. டீ சொல்லிட்டேன். என்னது, சுகரா? சரி, ஒண்ணு சீனி போடாம. ரெண்டு வரட்டும், வீணாப் போகாது.

தெரியும் காக்கா, பதில் வாங்கத் தான் வந்துருக்கீங்க. எங்க மக ஆலியாவுக்கு உங்க தங்கச்சி மகன் அம்மாரை மாப்பிள்ளையாப் பேசி ஒரு மாசமாச்சு. ஊர்ல பொம்பளைங்க பேசி முடிச்சுட்டாங்க, நான் ஒருத்தன் தான் இங்க இழுத்தடிக்கிறேன். நீங்க வந்தது அவனுக்குத் தெரியாதுல்ல? நல்லது. பேச்சு முடிவாகாம பையன் காதுல போடக் கூடாதுன்னு நம்மாளுக வச்சிருக்கிற பழக்கம் நல்ல பழக்கம். பொண்ணு வீட்டுக்காரன் மூஞ்சியே அவனுக்குத் தெரியாது. அதுவும் ஒரு வசதி தான்.

நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புன பயோடேட்டாவைப் படிச்சேன். என்ன ஒரு ரெக்கார்டு! இன்ஜினியரிங்கு, அதுக்கு மேல எம்பிஏ, பெரிய கம்பெனியில சீனியர் போஸ்டு, கம்பெனி வண்டி, மெடிக்கல், வருஷத்துக்கு ஒரு டிக்கெட்டு. அந்த வண்டிக்குக் கீழ நீங்க கோடு வேற போட்டுருந்தீங்க. எனக்கு உடனே என் அட்டை தான் ஞாபகம் வந்துச்சு.

கோவிச்சுக்காதீங்க. இந்தா பாருங்க, இவன் ஒரு பேஸ்பால்காரன். கையில கட்டை வச்சுக்கிட்டு நிக்கிறான்ல, பத்தொம்பது வயசு இருக்கும். இது அவனோட முதல் வருஷத்து அட்டை. எல்லா அட்டையிலயும் இதுக்குத் தான் விலை. ஏன்னு கேளுங்க. இன்னும் ஒண்ணும் கிழிக்கல, அதனால. நாளைக்குக் கிழிப்பான்னு நெனச்சே அடிச்சுக்கிட்டு வாங்குவாங்க. நம்மூர்ல விசா கையில வந்த பையன் வீட்டு வாசல்ல புரோக்கர்மாரு நிப்பாங்கள்ல, அதே கூட்டம் தான். அப்புறம் ஆட ஆரம்பிப்பான். முட்டி போகும், தோள்பட்டை போகும், விலையும் போகும். மூவாயிரம் தடவை பந்தை ஒழுங்கா அடிச்சு ஓடிட்டான்னா அட்டை ஏறும். ரெண்டாயிரத்துச் சொச்சத்தோட நின்னுட்டான்னா, ம்... நல்ல மனுசன் தான்னு சொல்லி இந்தப் பக்கம் வச்சிருவாங்க.

யாரு வாங்குறாங்களா? அமெரிக்காக்காரன், ஜப்பான்காரன், பிலிப்பினோ பசங்க. நான் ஒரு ஆட்டம் கூட முழுசாப் பாத்ததில்ல காக்கா, சத்தியமா. எப்பப் பாத்தாலும் ஒருத்தன் எச்சி துப்பிக்கிட்டு நிக்கிறான், பாக்கப் பிடிக்கல. ஆனா அட்டை ஓரம் தேஞ்சிருக்கா, வெட்டிருக்கான்னு லென்ஸ் வச்சா ஒரு பார்வையில சொல்லிருவேன். அது கல்லு பாத்த கண்ணு.

இருங்க, விஷயத்துக்குத் தான் வர்றேன். அங்க ஹால் ஆஃப் ஃபேம்னு ஒண்ணு வச்சிருக்காங்க. பேஸ்பால்காரனுக்குச் சொர்க்கம் மாதிரி... அஸ்தஃபிருல்லாஹ், ஒரு மண்டபம்னு வச்சுக்கங்க. உள்ள போயிட்டான்னா அவன் மூஞ்சியை வெங்கலத்துல வார்த்து மாட்டிருவாங்க. அட்டை விலையும் எங்கயோ போயிரும். ஆனா ஆடி முடிச்ச மறுநாளே விடமாட்டான். அஞ்சு வருஷம் சும்மா உக்காரணும். அப்புறம் பேப்பர்ல எழுதுறவங்க ஓட்டுப் போடுவாங்க. நூத்துக்கு எழுபத்தஞ்சு பேரு கை தூக்கணும். பத்து வருஷம் வரைக்கும் பாப்பாங்க, அதுக்குள்ள கிடைக்கலைன்னா கலாஸ், அவ்வளவு தான். நம்ம அசோசியேஷன்ல சாதனையாளர் விருது குடுக்குறோமே, அது மாதிரியா? ஹிஹி. அங்க பிரியாணிக்கு ஸ்பான்சர் பண்ணா உள்ள விடமாட்டாங்க காக்கா. நீங்க ரெண்டு தடவை வாங்கிருக்கீங்களா? மாஷா அல்லாஹ். நான் உங்களைச் சொல்லல.

இதுல ஒரு கூத்து கேளுங்க. ஓட்டுப் போடுறவங்களுக்கு ஒரு விதி இருக்கு. எத்தனை அடிச்சான்னு மட்டும் பாக்கக் கூடாது, ஆளு எப்படின்னும் பாக்கணும். நேர்மை, குணம், அதெல்லாம். இந்த அட்டையில நிக்கிறவன் இருக்கானே, ஊசி போட்டு ஒடம்பை ஏத்திக்கிட்டு ஆடுனானுக, அந்தக் கூட்டத்து ஆளு. எண்ணிக்கையைப் பாத்தா மலை. கதவு தொறக்கவே இல்ல. அதனால தான் இந்த விலைக்கு இங்க கிடக்கான். ஆமா, அந்தப் பிள்ளை மூஞ்சிக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

ரெக்கார்டுக்கு ஒரு பக்கம், குணத்துக்கு ஒரு பக்கம். பயோடேட்டாவுல குணத்துக்கு எந்த எடம்? ஐவேளை தொழுவான், புகைக்க மாட்டான், அவ்வளவு தானே போட்டுருந்தீங்க? அதைத் தப்புன்னு சொல்லல. நம்மூர்ல வீடு பொண்ணுக்குத் தான். மாப்பிள்ளை தான் வந்து இருக்கணும். எம்மகளா உங்க வீட்டுக்கு வரப் போறா? உங்க புள்ளை தான் என் வீட்டுக்கு வரப் போறான். என் வீட்டு டேபிள்ல உக்காந்து, என் பொண்டாட்டி ஹாலிதா கையால சாப்பிடப் போறவன். கம்பெனி வண்டியை நான் எங்க நிறுத்துறது? ஆளு எப்படின்னு பாக்க வேண்டாமா?

சரி, இதைப் பாருங்க. உங்க கால்கிட்ட இருக்குல்ல, அந்தப் பெட்டி. எது எடுத்தாலும் பத்து திர்ஹாம். ஓட்டுல தோத்தவன், கை ஒடஞ்சவன், பேரே மறந்து போனவன் எல்லாரும் அதுல தான். கடைக்கு ஒரு தம்பி வருவான். வெயில் காலத்துல ஆரம்பிச்சான், தினமும் மத்தியானம் வந்துருவான். இஸ்திரி போட்ட சட்டை, தோள்ல லேப்டாப் பை, கழுத்துல ஆபீஸ் ஐடி. இங்க உக்காந்து அந்தப் பெட்டியைக் கிளறுவான், போன்ல படிப்பான், அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னா எந்திரிச்சுப் போவான். ஒண்ணும் வாங்க மாட்டான். நானும் கேக்க மாட்டேன். எனக்கும் பேச்சுத் தொணை வேணும்ல.

போன டிசம்பர்ல ஒரு நாளு, அந்தப் பெட்டியிலேருந்து ஒரு அட்டையை எடுத்து என் முன்னாடி வச்சான். கிழட்டுப் பந்துவீச்சாளன் ஒருத்தன், பத்து வருஷமும் ஓட்டுல தோத்தவன். பாய், இதை இந்தப் பெட்டியில போடாதீங்க, நேத்து ராத்திரி பழைய ஆளுகளுக்குன்னு ஒரு கமிட்டி கூடி இவரை உள்ள சேத்துட்டாங்க, இப்ப விலை வேறன்னான். எனக்கு அந்தச் சேதியே தெரியாது. பத்து திர்ஹாமை டேபிள்ல வச்சுட்டு எடுத்துட்டுப் போயிருக்கலாம். நான் ஷுக்ரன், நன்றின்னு சொல்லி கவர்ல போட்டே குடுத்துருப்பேன். வெளிய வித்திருந்தா மூணு மாச ரூம் வாடகை. அவனுக்கு அது வேணும், காக்கா. ரொம்ப வேணும். ஏன்னா அந்த ஐடி வேலை செய்யாத ஐடி. கம்பெனி அவனைத் தூக்கிருச்சு.

அவனே தான் சொன்னான். ரூம்ல இருக்குறவன் கண்ணு உறுத்துமேன்னு காலைல டியூட்டிக்குப் போற மாதிரிக் கெளம்பி, மெட்ரோவுல சுத்திட்டு, இன்டர்வியூ இருந்தா போயிட்டு, மத்தியானம் இங்க வந்துருவான். வீட்டுல சொல்லலையாடான்னேன். உம்மாகிட்டச் சொல்லிருவேன் பாய், உம்மா அழுதுட்டு துஆ கேக்கும். மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னான். மாமா என்னையப் பத்தி ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு, அவரு தலை குனியுறதைப் பாக்க முடியாதுன்னான். கண்ணு கலங்கிருச்சு. எனக்கும் தான்.

ஊரு கேட்டேன், திருநெல்வேலிப் பக்கம்னுட்டான். அதுக்கு மேல நான் கிண்டல. இந்தப் பக்கம் வர்ற பசங்க எல்லாருக்கும் நான் கார்டு பாய் தான், பேரு சதக்கத்துல்லான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அப்புறம் போன மாசம் ஒரு மத்தியானம், இவன் இங்க, இதே நீங்க உக்காந்திருக்கிற சேர்ல உக்காந்து சமோசா தின்னுக்கிட்டு இருக்கான், என் போன்ல டிங்னு ஒரு மெசேஜு. பஹ்ரைன் நம்பரு. பயோடேட்டா, போட்டோவோட.

போட்டோவைப் பாத்தேன். எதுக்க இருந்தவனைப் பாத்தேன்.

உக்காருங்க காக்கா. உக்காருங்கன்னா. எங்க போறீங்க? பொய்யான பயோடேட்டா குடுத்துட்டீங்கன்னு நான் சொல்லவே இல்லையே. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அந்தத் தண்ணியைக் குடிங்க.

ஆலியாகிட்ட அன்னைக்கே போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன். வேலை இல்லங்குறது, ஐடி, பத்து திர்ஹாம் பெட்டி, எல்லாம். அப்புறம் சொல்றா, வாப்பா, யாருன்னே தெரியாத கடைக்காரர்கிட்ட உண்மையைச் சொன்னவரு, சொந்த மாமாகிட்டச் சொல்லப் பயப்படுறாருன்னா, அதுல பாதித் தப்பு மாமாவோடது. மீதிப் பாதியை அவரே போயிச் சொல்லட்டும், சொல்லிட்டா எனக்குச் சம்மதம்னுட்டா. அதான் ஒரு மாசமா இழுத்தேன். அவன் சொல்லுவான்னு பாத்தேன், சொல்லல. சரி, நீங்க எப்ப இங்க வர்றீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

உங்களை ஏன் மூணு மணிக்கு வரச் சொன்னேன்னு நெனச்சீங்க?

அந்தா, ரோட்டைத் தாண்டுறான் பாருங்க. நீலச் சட்டை. ஐடியைச் சரி பண்ணிக்கிட்டே வர்றான். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், அவன் வாயைத் தொறக்குற வரைக்கும் சும்மா இருங்க, அது போதும். அந்தக் கம்பெனி வண்டியை மட்டும் இழுத்துராதீங்க. டீயும் வந்துருச்சு. சீனி போட்டது அவனுக்கு. மூஞ்சியைக் கொஞ்சம் சிரிச்சாப்ல வைங்க காக்கா, புள்ளை பயந்துரப் போறான்.

வாங்க தம்பி, வாங்க. இன்னைக்கு உங்க சேர்ல ஆளு இருக்கு.