கயிற்றை விட்டவன்

– வேலிக்கிட்ட நிக்கது நீயால, கிருஷ்ணப்பா? போன வச்சிட்டு ஓடிரு. இந்தப் பரமசிவம் இறங்கி வந்தான்னா நடக்கதே வேற.

– அடிங்கண்ணா, வாங்கிக்கறேன். ஒரே ஒரு விசயம் பேசணும். கீழ வாங்க.

– டவர்ல நாப்பது மீட்டர் ஏறியாச்சு. உனக்காவ இறங்கணுமோ? போன காதுலதான் மாட்டியிருக்கேன். சொல்லித் தொலை.

– ஏண்ணா, உங்க பெல்ட்டு ஹூக்கு சும்மா தொங்கிக்கினு இருக்குது? மொதல்ல அத கம்பியில மாட்டுங்க.

– எம் மாப்ள ராஜேஷ் விழுந்து பன்னெண்டு நாளாச்சு. இதே டவரு. அவன் ஹூக்க ஒரு கம்பியில இருந்து இன்னொரு கம்பிக்கு மாத்துத நேரத்துலதான நீ கீழ கயித்த விட்ட. இப்ப எனக்கு ஹூக்கு மாட்டச் சொல்லுதியோ? நல்லா இருக்குடே.

– நான் விடலைன்னு யாருகிட்டயும் சொல்லலியேண்ணா.

– பெறவு என்னத்துக்கு வந்த?

– நாளைக்கி ஸ்டேஷன்ல நீங்க கையெழுத்துப் போடறீங்களாம். நான் குடிச்சிட்டு கயித்த விட்டேன்னு எழுதியிருக்குதாம். சாமி மேல, எங்க தேவரு மேல ஆணைண்ணா, நான் குடிக்கறவன் இல்ல. எட்டு நாளு உங்ககூட வேல செஞ்சேன். ஒரு நாளு வாசன வந்துச்சா?

– குடிக்காம ஒருத்தன் கயித்த விடுவானால? நீ பிடிச்ச கயித்துல அம்புட்டுப் பெரிய ஆன்டெனா ஏறிக்கிட்டு இருக்கு. காத்துல திரும்பி எம் மாப்ளய கம்பியோட சேத்து அழுத்துது. அவன் மூச்சு விட முடியாம முழிக்கான். நான் மேல இருந்து தொண்ட கிழியக் கத்துதேன். நீ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கயித்த விட்ட. ஆன்டெனா போச்சு, போறப்ப அவனையும் இழுத்துக்கிட்டுப் போச்சு.

– நெனச்சா தூக்கமே வரலண்ணா.

– உனக்குத் தூக்கம் வேற வரணுமோ? என் தங்கச்சி பொற்கொடிக்கு இருவத்தாறு வயசு. பாளையங்கோட்டையில செவனேன்னு ஆட்டோ ஓட்டிக்கிட்டு இருந்தவன, ஓசூருக்கு வா மாப்ள, டவரு வேலை இருக்குன்னு கூட்டிட்டு வந்தவன் நான். ஆஸ்பத்திரி வாசல்ல அவ மண்ண வாரித் தூத்துனா. கயித்த விட்டவன் வெளங்காமப் போவட்டும்னு தூத்துனா. அந்த மண்ணு உன்னைய சும்மா விடாது, பாத்துக்கோ.

– என் தலையிலயே விழட்டும். நான் சொல்ல வந்தது வேற. அங்க நின்னுக்கினு கேக்கற சங்கதி இல்லண்ணா, இறங்குங்க.

– இப்பம் சொல்லுதியா, கட் பண்ணட்டுமா?

– ஹூக்க மாட்டுங்க. மாட்டுனாத்தான் சொல்வேன்.

– சரிடே. மாட்டிட்டேன். சொல்லு.

– நம்ம டீம்ல தமிழு, கன்னடா, தெலுங்கு, இந்தின்னு எல்லாம் இருக்கறாங்க. அதனால மேல இருந்து சொல்றது இங்கிலீஷ்லதான் இருக்கணும்னு சூப்பர்வைசர் சொல்லியிருந்தாரு இல்ல? ஹோல்டு, லூஸு. ரெண்டே வார்த்தை.

– ஆமா. அதுக்கென்ன?

– அன்னைக்கி நீங்க ஹோல்டுன்னு சொல்லல.

– மாப்ள சாகக் கெடக்கான், அப்பம் இங்கிலீஷாடே வரும்? எங்கம்மை சொல்லித் தந்த பேச்சுதான் வரும். பிடின்னு கத்துனேன். பிடி, பிடி, பிடின்னு மூணு தடவ கத்துனேன்!

– மூணும் கேட்டுச்சுண்ணா. நல்லாவே கேட்டுச்சு.

– கேட்டுட்டுமால விட்ட?

– அண்ணா, இங்க ஓசூருல தமிழ் ஆளுங்க புடின்னுதான் சொல்றாங்க. கயித்த புடி, பஸ்ஸ புடி. அது எனக்குத் தெரியும். பிடின்னு சொல்றது எங்க வீட்ல. எங்க ஆனேக்கல் பக்கம், கன்னடத்துல.

– கன்னடத்துல என்னவாம்?

– விடுங்கன்னு அர்த்தம்ணா.

– என்னல சொல்லுத?

– பிடின்னா எங்களுக்கு விடுங்க. அண்ணனே மூணு தடவ சொல்றாரு, கயிறு தளந்தா ராஜேஷண்ணன் நசுங்காம வெளிய வந்துடுவாருன்னு நெனச்சேன். விடச் சொன்னவரே என் மேல பழி போடறாரேன்னு பன்னெண்டு நாளா உங்களத்தான் திட்டிக்கினு இருந்தேன். இன்னைக்கி காலையில தேன்கனிக்கோட்ட பஸ்ல, உங்கள மாதிரி பேசற அம்மா ஒருத்தங்க தன் புள்ளைகிட்ட, கம்பிய பிடி மக்கா, பிடின்னாங்க. அந்தப் புள்ள கம்பிய இறுக்கிக்கிச்சி. என் கையி கம்பிய விட்டுடுச்சி. அவங்க மடியிலயே போயி விழுந்தேன். அப்பதான் புரிஞ்சிச்சி. அங்கியே அழுதுட்டேண்ணா.

– அப்பம் கயித்த விட்டவன் நீ இல்ல.

– அப்படிச் சொல்லாதீங்க. கையி என்னோடதுதான்.

– வாயி என்னோடதுல்லா. பொற்கொடி தூத்துன மண்ணு எந்தலையிலல்லா விழுந்திருக்கு. அவகிட்டப் போயி என்னன்னு சொல்லுவேன்? பிடிக்கச் சொல்லித்தான் உம் புருசனக் கொன்னேன் தாயின்னா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ வாசப்படி ஏறுவேன்?

– ரெண்டு பேரும் சேந்து போலாம். ரெண்டு பேரும் அவங்க கால்ல விழலாம். இறங்குங்க, மெதுவா.

– விரலு எம் பேச்ச கேக்க மாட்டேங்குடே. கண்ணு இருட்டிக்கிட்டு வருது.

– அண்ணா, ஹூக்கு இன்னும் தொங்குது! மாட்டிட்டேன்னு சொன்னீங்களே!

– பொய்யிடே.

– அய்யோ தேவரே! பிடிங்கண்ணா! எங்க ஊரு பிடி இல்லண்ணா, உங்க ஊரு பிடி! பிடி! பிடி!